மானிடவியலையும் இயற்கைப் பேணலையும் ஒரே பட்டத்தில் கற்பியுங்கள்: பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

மதிப்புக்குரியீர்,

கொழும்பில் தமிழ்மொழி மூலம் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பித்துவரும் ஆசிரியர் என்ற வகையில், மானிடவியலையும் இயற்கைப் பேணலையும் இணைத்த சிறப்புப் பட்டமொன்றை எமது அரச பல்கலைக்கழகங்களில் தொடங்க ஆவன செய்யுமாறு கேட்டு இம்மடலை எழுதுகிறேன். இந்நாட்டில் காட்டையோ யானையையோ ஈரநிலத்தையோ காக்க முனைந்தால், அதன் ஓரத்தில் ஓர் ஊர் இருக்கவே செய்கிறது. ஆயினும் காட்டைப் படிப்பவர் விஞ்ஞான பீடத்திலும் ஊரைப் படிப்பவர் கலைப் பீடத்திலும் ஒருவரையொருவர் அறியாமலே பட்டம் பெற்று வெளியேறுகின்றனர்.

மன்னார் மாவட்டத்தின் முசலிப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது மறிச்சுக்கட்டி, கரடிக்குளி போன்ற ஊர்கள் ஆளற்றுப் போயின. வீட்டு முற்றங்களில் காடு எழுந்தது. போர் முடிந்து மக்கள் திரும்பத் தொடங்கிய காலத்தில், 2012இல், அப்பகுதி நிலங்கள் ஒதுக்குக்காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. மக்கள் அங்கு மீண்டும் குடியேறியதைக் காடழிப்பு என்றது ஒரு தரப்பு, மீள்குடியேற்றம் என்றது மறுதரப்பு. அங்கு சென்றிருந்தபோது பெரியவர் ஒருவர் பற்றைகளை விலக்கி, இடிந்த கிணற்றுக் கட்டையும் காறை பெயர்ந்த வாசற்படியையும் காட்டி, பக்கத்திலிருந்த புளியமரத்தில் கைவைத்து, "இது எங்கட வாப்பா வெச்ச புளி" என்றார். மரத்தின் சுற்றளவை அளந்து பதிய என் பட்டப்படிப்பு எனக்குச் சொல்லித் தந்திருந்தது. அந்தக் காணிக்கு உறுதி இருந்ததா, பள்ளிவாசல் பதிவேட்டில் அக்குடும்பத்தின் பெயர் உண்டா, நிலம் சீதனமாகக் கைமாறியதா என்று முறையாகக் கேட்டறியும் பயிற்சி அதில் இருக்கவில்லை. ஒரு மரத்தின் வரலாற்றில் பாதியை மட்டும் அறிந்தவர்களைக் கொண்டு எல்லைக்கல் நாட்டுவது அநீதி என்றே கருதுகிறேன்.

இது முசலியோடு முடிவதில்லை. 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்காவாக்கப்பட்டபோது, தம்பானைப் பழங்குடிகளான வேடர்களின் வேட்டையும் தேனெடுப்பும் ஒரே அறிவித்தலில் குற்றமாயின. யானை விடயத்திலும் இதே குறை தெரிகிறது: 2019ஆம் ஆண்டில் மட்டும் 400க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன; 100க்கும் மேற்பட்ட மனிதர்கள் யானைகளால் உயிரிழந்தனர். மின்வேலிகள் பல இடங்களில் வனசீவராசிகள் திணைக்களத்தின் காட்டுக்கும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் காட்டுக்கும் இடையிலான நிருவாக எல்லையில் அமைந்தமையால், யானைகள் வேலியின் இருபுறமும் நிற்கின்றன. மாறாக, விதைப்புக்கு முன் வயலைச் சுற்றிக் கமக்காரர்களே வேலி கட்டி, அறுவடைக்குப் பின் கழற்றிவிடும் ஏற்பாடு பயன் தந்திருக்கிறது. அவ்வேலியைப் பராமரிப்பது யார், காசு சேர்ப்பது யார், சேராதவர்களை ஊர் எப்படி நடத்துகிறது என்பவை மானிடவியல் வினாக்களே.

இவ்விணைப்பு புதுமையானதல்ல. பிரித்தானியாவின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 1989இல் நிறுவப்பட்ட, இயற்கைப் பேணலைக் கற்பிக்கும் டரெல் நிறுவகம் பல்லாண்டுகள் மானிடவியலாளர்களோடு ஒரே கல்விப் பிரிவில் இயங்கியது. எமது மண்ணிலும் 1954இல் வடமத்திய மாகாணத்தின் புல்எளிய கிராமத்தில் தங்கிய பிரித்தானிய மானிடவியலாளர் எட்மண்ட் லீச், குளத்து நீரும் வயற்பங்கும் உறவுமுறையும் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை ஆராய்ந்தார்.

நடைமுறையில் முதல் தடை அனுமதி முறையே. சட்டத்துறைக்கு எந்தப் பிரிவு மாணவரும் விண்ணப்பிக்க இயலுமாயின், இப்பட்டத்தையும் கலை, உயிரியல் ஆகிய இரு பிரிவினருக்கும் திறந்துவிடலாம். முதலாண்டில் ஒருவருக்குச் சூழலியலும் மற்றவருக்குக் களஆய்வு முறையும் அடிப்படையிலிருந்து கற்பிக்கப்பட வேண்டும். ஒரு பருவம் முழுவதும் ஓர் ஊரில் தங்கியிருத்தல் கட்டாயமாதல் நல்லது. இரண்டு நாள் சுற்றுலாவாக அது சுருங்கிவிடக் கூடாது. கொழும்பு மாணவர்கள் தொடக்கப் பயிற்சிக்கு வெகுதூரம் செல்லவும் வேண்டியதில்லை: ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரமாக ஏற்கப்பட்ட இந்நகரை அண்டிய பெல்லன்வில-அத்திட்டிய சரணாலயத்துக்கு பஸ்ஸிலேயே போகலாம்.

தமிழ்மொழி மூலமும் இப்பட்டம் கிடைக்க வேண்டும் என்பதை அழுத்திக் கூறுகிறேன். முசலியிலும் அதே மன்னார் மாவட்டத்தின் வங்காலையிலும் மக்களிடம் தமிழில் கேட்டு, தமிழில் பதிவுசெய்யக்கூடிய அலுவலர்கள் தேவை. பாடவிதானத்தை வரையும் குழுவில் பேராசிரியர்களோடு இரு திணைக்களங்களின் கள அலுவலர்களையும், தம்பானை, முசலி மக்களின் பிரதிநிதிகளையும் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
உயர்தர உயிரியல் ஆசிரியர்,
கொழும்பு 06