குக்கர் குண்டுக்கும் ஹிரோஷிமாவுக்கும் ஒரே பெயரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வந்த ஒரு கட்டுரை 'டர்ட்டி பாம்' என்பதைக் 'குட்டி அணுகுண்டு' என்று சொல்லியிருந்தது. 31 வருடம் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் கோபால்ட் மெஷின் ஓட்டி, மார்பில் கதிர்வீச்சு அளக்கும் பேட்ஜ் குத்திக்கொண்டே ஓய்வுபெற்றவன் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அணுகுண்டில் அணு பிளந்து, ஒரு நகரமே அழிகிறது. டர்ட்டி பாமில் வெடிப்பது சாதாரண வெடிமருந்து. கூட வைத்த கதிரியக்கப் பொருள் தூளாகச் சிதறும், அவ்வளவுதான். சாகிறவர்களில் பெரும்பாலோர் வெடியில் சாவார்கள். தூள் படிந்த தெருவைக் கழுவி எடுப்பது பெரும்பாடு. ஊரின் பயத்தைக் கழுவுவது அதைவிடப் பெரும்பாடு.

குழப்பம் 'பேரழிவு ஆயுதம்' என்பதன் வரையறையிலேயே இருக்கிறது. 1948-இல் ஐ.நா. ஆணையம் அணுகுண்டையும் கதிரியக்கப் பொருள் ஆயுதத்தையும் ஒரே பட்டியலில் வைத்தது. அமெரிக்கச் சட்டம் இன்னும் தாராளம். 2013 பாஸ்டன் மாரத்தானில் பிரஷர் குக்கர் குண்டு வைத்தவர் மீதும் பேரழிவு ஆயுத வழக்குதான் போட்டார்கள். மூன்று உயிர் போனது கொடுமை; ஆனாலும் அது ஹிரோஷிமா ஆகுமா? நம் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் உயிரி, வேதி, அணு ஆயுதங்களோடு நின்றுகொள்கிறது.

ஊரின் பயம் என்ன செய்யும் என்று பாருங்கள். 1987-இல் பிரேசிலின் கோயானியாவில், கைவிடப்பட்ட சிகிச்சை மெஷினிலிருந்த சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் காயலான் கடைக்குப் போனது. இருட்டில் நீலமாக மினுங்கியதால் ஆளாளுக்கு வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். இறந்தவர்கள் நான்கு பேர். பரிசோதனைக்கு வந்து நின்றவர்களோ 1,12,000-க்கும் மேல். அதில் 249 பேரிடம்தான் கதிரியக்கம் இருந்தது. செத்துப்போன ஆறு வயதுக் குழந்தையை ஈயம் பதித்த பெட்டியில் புதைக்கக் கொண்டுபோனபோது, ஊரார் கல்லெறிந்தார்கள்.

பயமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 2010-இல் டெல்லி மாயாபுரி காயலான் கடையில் கதிரியக்கக் கோபால்ட் என்று தெரியாமலே வெட்டினார்கள். ஒருவர் இறந்தார். அங்கே கொஞ்சம் பயம் இருந்திருந்தால் நல்லது.

எங்களிடம் 'கரண்ட் வைக்க', அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, வரும் ஜனங்களிடம் இருந்தது வேறு பயம். மார்பகப் புற்றுக்கு வந்த ஒரு அம்மாவுக்கு வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர். "சார், கரண்டு வச்ச ஒடம்பு, பேரப்புள்ளயத் தூக்கலாமா?" என்று அவர் புருஷன் என் காதோடு கேட்டார். "டார்ச் அடிச்சா வெளிச்சம் மேல ஒட்டிக்குமாய்யா? கோபால்ட்டு மெஷினுக்குள்ளயே இருக்கு" என்றேன். அவர் முகம் தெளியவில்லை. அந்த அம்மாவின் டம்ளரை வாங்கித் தண்ணீர் குடித்துக் காட்டினேன். மறுவாரம் பேரனோடு வந்தார்கள்.

அடுத்தமுறை 'கதிரியக்கத் தூள் குண்டு' என்றே அச்சிடுங்கள். என்னிடம் வந்தவர்களின் வீட்டுக்கும் உங்கள் பேப்பர் போகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரேடியோதெரபி டெக்னீஷியன்,
மதுரை.