மூன்று கவர் நல்லமிளகு

குலசேகரம்
தை 20

மக்களே,

பால்கனித் தொட்டிக்கு நீ கேட்ட குற்றிமிளகுக் கன்று தயாராகிவிட்டது. மூன்று கவர். இரண்டு பன்னியூர் ரகம், ஒன்று கரிமுண்டா ரகம். கார்த்திகையில் நீ போனில் கேட்ட அன்றைக்கே ஆறு கிளை நறுக்கி வைத்தேன், மூன்றுதான் பிழைத்தது. பக்கக் கிளை அப்படித்தான், லேசில் வேர் விடாது. அடியில் ஓடுகிற கொடியை மாசியில் வெட்டி வைத்தால் சட்டென்று பிடிக்கும், ஆனால் வளர்ந்ததும் ஏற மரம் தேடும். உன் பால்கனியில் முருக்கு மரமா நிற்கிறது? பூத்துக் காய்க்கிற திரி விடுகிற பக்கக் கிளையை வைத்தால் குத்துச்செடியாக நிற்கும், தொட்டியிலேயே சீக்கிரம் காய்க்கும். விவரம் தெரிந்துதான் கேட்டிருக்கிறாள் என்று உன் அம்மையிடம் சொன்னேன். மற்ற பிள்ளைகள் ரோஜா கேட்பார்கள், என் பிள்ளை நல்லமிளகு கேட்கிறாள்.

முதலில் தண்ணீர் விஷயம். மிளகு வெயிலில் சாவதைவிட வேரில் தண்ணீர் நின்று சாவதுதான் அதிகம். தொட்டிக்கு அடியில் ஓட்டை வேண்டும். ஓட்டைமேல் ஓட்டுச்சில் ஒன்று வை. மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய சாணிப்பொடி ஒரு பங்கு. காலையில் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார், ஈரம் தட்டினால் ஊற்றாதே. அடியில் தட்டு வைத்தால் அதில் தண்ணீர் தேங்கக் கூடாது. பாசத்தில் ஊற்றிக்கொண்டே இருப்பவர்கள் வீட்டில்தான் செடி முதலில் சாகும்.

நீ சாயங்காலம் அனுப்பிய போட்டோவை உன் அம்மை போனில் பெரிதாக்கிக் காட்டினாள். கம்பியின் நிழல் கதவுப் பக்கம் நீளமாக விழுந்திருக்கிறது. அப்படியென்றால் மேற்குப் பார்த்த பால்கனி. நீங்கள் இருந்த வீட்டில் கிழக்கு அல்லவா? போன வருஷம் அங்கே துளசித் தொட்டியை நகர்த்தி வைத்ததே நான்தான். சரி, மேற்கு என்றால் மேற்கு. பன்னியூர் வெளிச்சம் கேட்கும், கம்பி ஓரம் வை. கரிமுண்டா நிழல் தாங்கும், சுவர் ஓரம் போதும். சித்திரையில் சென்னை வெயிலுக்கு இரண்டுமே தாங்காது, பச்சை வலை வாங்கிக் கட்டு. பால்கனி மூலையில் ஒரு சின்ன சிலிண்டர் இருக்கிறது பார், அந்த ஐந்து கிலோ சிலிண்டர், அதன் பக்கத்தில் தொட்டியை வைக்காதே. எடுக்க வைக்க இடைஞ்சல்.

விலாசத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். நீ எழுதி அனுப்பியதில் உன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. பஸ் பார்சலில் பெயர் சரியாக இருந்தால்தான் கொடுப்பான், அதற்காகத்தான் கேட்கிறேன். வேறு பெயர் சேர்க்க வேண்டாம் என்றால் சேர்க்கவில்லை.

உன் அம்மை ஏத்தங்காய் வாங்கி உப்பேரி வறுத்திருக்கிறாள். எப்போதும் இரண்டு கிலோ வறுப்பவள் இந்தத் தடவை ஒரு கிலோவோடு நிறுத்திவிட்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

கரிமுண்டா எதிலிருந்து வந்தது என்று சொல்கிறேன். 2017 ஒக்கிப் புயலில் கிணற்றடி அயனி மரம் சாய்ந்ததே, அதில் ஏறியிருந்த கொடிதான். மரத்தோடு அதுவும் போயிற்று என்று நினைத்துவிட்டேன். மரத்தை அறுத்து எடுத்த பிறகு பார்த்தால், தரையில் கிடந்த கொடி மண்ணைத் தொட்ட கணுவில் எல்லாம் வேர் விட்டிருந்தது. பன்னியூருக்குக் கதை வேறு. உதிரங்கொட்டை, செறியகணியக்காடன் என்ற இரண்டு மிளகு ரகத்தைச் சேர்த்து ஆராய்ச்சி நிலையத்தில் உண்டாக்கி 1971-இல் வெளியிட்டது. காய் பெரிது. ஆனால் ரசத்துக்கு எனக்குக் கரிமுண்டாதான். இதை நீ ஒப்புக்கொள்ள மாட்டாய்.

திரி விட்டதும் பூவாளியால் மேலே லேசாகத் தெளி. இங்கே மழைத்தண்ணீர் திரி வழியாக இறங்கும்போது மகரந்தமும் சேர்ந்து இறங்கிக் காய் பிடிக்கும். அங்கே மழைக்கு எங்கே போவது? தெளித்தால் போதும், தொட்டியை நிறைக்காதே. தண்ணீரைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன், இன்னொரு தரம் படி.

எட்டாம் வகுப்பில் கொய்யாக் கொம்பில் பட்டையை வளையம் போல உரித்து, தேங்காய் நார்ச்சோற்றை நனைத்து வைத்து, பால் கவரால் கட்டினாயே. ஒன்றும் வராது என்று நான் சிரித்தேன். அந்த மரம்தான் இப்போது மாட்டுத் தொழுத்துப் பக்கம் காய்த்துக் கொட்டுகிறது. அவ்வளவு கெட்டிக்காரி, ஓணத்துக்கு வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. போன் எடுத்தால் மீட்டிங் என்கிறாய். ஞாயிற்றுக்கிழமையுமா மீட்டிங்? உன் அம்மை போனைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளைக்குப் போன் போட்டுப் பார்க்கலாமா என்று ஒருநாள் எடுத்தேன், வைத்துவிட்டேன்.

துரிசு மருந்து, அந்த மயில்துத்தம், தனியாக அனுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இரண்டு மூன்று தொட்டிக்கு அது தேவையில்லை. ஒரு கிலோ துரிசு, ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர் என்பதெல்லாம் புரையிடத் தோட்டத்துக் கணக்கு.

துரிசு என்று எழுதியதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இதை எழுத நினைத்து உட்காரவில்லை.

முந்தின வருஷம் ஆடி மழையில் நீ ஒரு பையோடு தனியாக வந்தாய். அடுக்களைப் படியில் உட்கார்ந்து, “அப்பா, ஒரு விஷயம்” என்றாய். மழை அப்போதுதான் விட்டிருந்தது. மழை திரும்புவதற்குள் மிளகுக்கு மருந்து அடித்துவிட்டு வருகிறேன் மக்களே என்று சொல்லிவிட்டுப் போனேன். இருட்டும்வரை அடித்தேன். உன் முழங்கைப் பக்கம் ஒரு நீலம் இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். துரிசு பட்டுச் சட்டையெல்லாம் நீலமாகித் திரும்பி வந்தபோது நீ தூங்கிவிட்டாய், அல்லது தூங்குவது போலப் படுத்திருந்தாய். மறுநாள் நாகர்கோவிலில் நானே ரயில் ஏற்றிவிட்டேன். பிளாட்பாரத்தில் கொய்யாவைப் பற்றிப் பேசினேன்.

அன்றைக்கு மருந்து அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அதற்கு முந்தின வாரம்தான் கொடி முழுக்க அடித்து முடித்திருந்தேன். நீயும் சின்னப் பிள்ளையிலிருந்து இதெல்லாம் பார்த்து வளர்ந்தவள், உனக்கும் அது தெரிந்திருக்கும்.

பார்சலில் போட்டால் கவர் கவிழ்ந்து வேர் ஆடிவிடும். அதனால் கையிலேயே கொண்டுவரலாம் என்று இருக்கிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் ரயில் ஏறினால் வெள்ளிக்கிழமை காலையில் அங்கே இருப்பேன். அந்தப் புது விலாசத்துக்கே வருகிறேன், ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். ஆற்று மணலும் ஒரு பையில் எடுத்து வருகிறேன், அங்கே கிடைக்குமோ என்னவோ. எத்தனை நாள் தங்குவேன் என்று அம்மையிடம் சொல்லவில்லை. இங்கே இப்போது அடிக்க வேண்டிய மருந்து எதுவும் இல்லை.

அப்பா