லாண்டிஸ் செய்ததும் செய்யாததும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க பேஸ்பாலின் முதல் ஆணையர் கெனசா மவுண்டன் லாண்டிஸ் என்றாலே சூதாட்டத்தை ஒழித்த நீதிபதி என்றுதான் எழுதுகிறார்கள். சரி, 1919 உலகத் தொடரில் (பேஸ்பாலின் ஆண்டு இறுதி சாம்பியன் போட்டி) காசு வாங்கிக்கொண்டு தோற்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட எட்டு சிகாகோ வீரர்களை, 1921இல் ஜூரி விடுவித்த மறுநாளே ஆயுளுக்கும் தடை செய்தவர் அவர். அந்தத் துணிச்சல் பெரிதுதான். ஆனால் அவ்வளவு அதிகாரம் இருந்தும், 1944இல் அவர் சாகும் வரை ஒரு கறுப்பின வீரர்கூட பேஸ்பாலின் உச்சநிலைப் போட்டியான பெரிய லீக்கில் (மேஜர் லீக்) ஆட முடியவில்லையே! தடுக்கும் விதியே இல்லை என்று 1942இல் அறிக்கை விட்டதோடு சரி. 2020இல் சிறந்த வீரர் விருதிலிருந்து அவர் பெயரை எடுத்தது முழு நியாயம்.

அடுத்த ஆணையர் ஹேப்பி சாண்ட்லரைப் பற்றியும் எழுதுங்கள். 1947இல் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் பெரிய லீக்கில் களமிறங்கத் துணை நின்றவர் அவர்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை