அரை அங்குலத்தில் 133 அடி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் குமரி மாவட்டப் பக்கத்தில் ஞாயிறுதோறும் வரும் சிறு விளம்பரங்களை, செய்திகளைவிடக் கவனமாகப் படிக்கிறவன் நான். தொழில் அப்படி. வடசேரியில் 31 வருடமாக அச்சகத்தில் நிற்கிறேன். ட்ரெடில் மிஷினுக்கு ஈய எழுத்துக் கோத்ததில் ஆரம்பித்து, ஸ்கிரீன் பிரிண்டிங் கடந்து, இப்போது கம்ப்யூட்டர். போன ஞாயிறு பக்கத்தில் ஐந்து விளம்பரங்களில் ஏறக்குறைய ஒரே லோகோ: திருவள்ளுவர் சிலை, பின்னால் சூரியன், கீழே மூன்று அலை. ஒருவர் டிராவல்ஸ், இருவர் ரியல் எஸ்டேட், ஒருவர் பர்னிச்சர் கடை, இன்னொருவர் பல் டாக்டர். டிராவல்ஸுக்காவது பொருத்தம் உண்டு. பல்லுக்கு வள்ளுவர் எதற்கு?

இந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு. 2000 ஜனவரி 1-ஆம் தேதி சிலை திறந்த சூட்டோடு அதை விசிட்டிங் கார்டில் போட்டுக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கு அது புதுசு, கேட்டு வாங்கினார்கள். ஆனால் சிலையோ பீடத்தோடு 133 அடி. கார்டு மூன்றரை அங்குலத்துக்கு இரண்டு அங்குலம். லோகோவுக்கு மிஞ்சுவது அரை அங்குலம். வள்ளுவர் நிமிர்த்திக் காட்டும் மூன்று விரலும் அந்த அளவில் ஒட்டி ஒரே விரலாகிவிடும். பேப்பரில் கறுப்பு வெள்ளையில் வந்தாலோ யாரோ பனைமட்டையை நட்டு வைத்த மாதிரி இருக்கும்.

இரண்டு மாதத்துக்கு முன் தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். வீட்டில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் வறுத்துக் கடைகளுக்குப் போடுகிறார். "அண்ணே, ஆயிரம் கார்டு அடிச்சேன். பாதிக்கு மேல குடுத்தாச்சு. ஒருத்தரும் போன் பண்ணல்ல" என்றார். கார்டை வாங்கிப் பார்த்தேன். வேறெங்கோ அடித்தது. வள்ளுவர், சூரியன், தென்னை, நடுவில் ஒரு வாழைக்குலை. கறுப்புப் பின்னணியில் ஆறு பாயின்ட் அளவில் பொடி வெள்ளை எழுத்து. மை பரவி, புள்ளியெல்லாம் அடைபட்டு 'தக்கலை' 'தககலை' ஆகியிருந்தது. இங்கிலீஷ் எழுத்து ஆறு பாயின்டைத் தாங்கும். நம் எழுத்துக்குப் புள்ளியும் சுழியும் இருக்கிறதே! எட்டுக்குக் கீழே நான் இறங்க மாட்டேன். கறுப்பில் வெள்ளை என்றால் இன்னும் கூட்டுவேன்.

அவருடைய சரக்கில் பாதி போவது திருவனந்தபுரத்தில் 'சாலை' என்ற பஜாருக்கு. கார்டில் மலையாளம் ஒரு எழுத்துகூட இல்லை. கடைக்காரர் பின்பக்கத்தில் 'வெள்ளி, 10 கிலோ' என்று குறிக்கப் பேனா எடுத்தால், இரண்டு பக்கமும் பளபள லாமினேஷன், மை நிற்காது. க்யூஆர் கோடு சுண்டுவிரல் நகம் அளவு. போன் நம்பர், முகவரி, மேப் எல்லாவற்றையும் அதற்குள் திணித்ததால் கட்டங்கள் நெருங்கி, என் போனில் எடுக்கவே இல்லை.

கடையின் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் எழுத்து வேறு. "இது எதுக்கு மக்ளே?" என்றேன். "அழகுக்குப் போட்டாங்க அண்ணே." இதுதான் எனக்குத் தாங்கவில்லை. பதிவு செய்யாத பெயருக்கு அந்த வட்ட ஆர் போடுவது, 1999-ஆம் ஆண்டு வர்த்தகக் குறிச் சட்டப்படி தவறு. முன்பு மூன்று வருடம் வரை சிறை என்று சட்டத்திலேயே இருந்தது; 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சிறையை எடுத்துவிட்டு அபராதம் ஆக்கிவிட்டார்கள். பதிவுக்கு முன்னால் டி.எம். (ட்ரேட் மார்க்) என்று போட்டுக்கொள்ளலாம், அதற்குத் தடை கிடையாது. தனி ஆளோ சிறு தொழிலோ ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகைப் பொருளுக்குக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவானால் 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். டிசைன் செய்கிற பையன்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

நான் பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. ஏத்தங்காயைக் குறுக்கே வெட்டினால் நடுவில் மூன்று கோடு தெரியும். ஒரு வட்டம், உள்ளே அந்த மூன்று கோடு, ஒரே நிறம். முதலில் அதை ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து பழைய பேப்பரில் குத்திப் பார்த்தோம். பிசிறில்லாமல் விழுந்தது. முன்பக்கம் பெயரும் போன் நம்பரும் பெரிதாக, பின்பக்கம் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் இரண்டு வரி, மீதி வெற்றிடம். லாமினேஷன் முன்பக்கம் மட்டும், அதுவும் பளபளக்காத மேட். டிசைன் வரைந்த கோரல் டிரா சாஃப்ட்வேரின் மூல ஃபைலையும் கையில் கொடுத்தனுப்பினேன். எங்கள் தொழிலில் பலர் கொடுப்பதில்லை, வாடிக்கையாளர்தான் கேட்டு வாங்க வேண்டும். அந்த ஸ்டாம்பை இப்போது அவர் சிப்ஸ் கவரிலும் குத்துகிறார். கவர் அச்சடிக்கிற வரும்படி எனக்கு இல்லாமல் போனது தனிக் கதை.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். விளம்பரம் எடுக்க வரும் உங்கள் ஏஜென்டுகள், லோகோவை அச்சாகும் அளவிலேயே கறுப்பு வெள்ளையில் ஒரு தாளில் எடுத்து, விளம்பரம் தருகிறவரிடம் காட்டிய பிறகு பணம் வாங்கட்டும். பல் டாக்டரிடம் முதலில் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அச்சகத்துக்காரன்,
வடசேரி, நாகர்கோவில்.