விதித்தாள் இல்லாமல் கணக்கை மாற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் ஒப்புதல் தந்தது. நாடு முழுக்க 63,000 சங்கங்களுக்கான திட்டம் அது. நெல்லை, தென்காசிப் பக்கம் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாறும் சங்கங்களின் செயலாளர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். பழைய மென்பொருளின் ஃபீல்டில், அதாவது பெயர், ஊர் போன்ற ஒரு தகவலுக்கான கட்டத்தில், இருப்பது புதிய ஃபீல்டுக்கு எந்த வடிவில் போக வேண்டும் என்ற உருமாற்ற விதிகளை முதலில் தமிழில், தாளில் எழுதுங்கள். செயலாளர் படித்துக் கையெழுத்திட்ட பிறகே மென்பொருள்காரர் கை வைக்கட்டும். எழுதாத விதியை அவர் ஊகித்துத்தான் போடுவார். உறுப்பினர் பேரேடு எப்படி எழுதப்பட்டது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

நில அளவையே பாருங்கள். பழைய பதிவில் 2.5 என்று இருக்கும். அது 2 ஏக்கர் 50 சென்டா, 2 ஏக்கர் 5 சென்டா? எண் வகை ஃபீல்டாக இருந்தால் 2.50-இன் கடைசிப் பூஜ்யம் உதிர்ந்து 2.5 ஆகியிருக்கும். எழுத்து வகையாக இருந்தால் எழுத்தர் 5 சென்டையே அப்படி எழுதியிருக்கலாம். முதலாவது 101.17 ஏர் (ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர்), இரண்டாவது 82.96 ஏர். பயிர்க்கடன் வரம்பு பரப்பை வைத்துத்தான் போடப்படுகிறது என்பதால் இது சின்ன விஷயமல்ல. ஏக்கரையும் சென்டையும் முதலில் தனித்தனியாகப் பிரித்து, மொத்தச் சென்டை 0.40468-ஆல் பெருக்கி ஏராக்குவதே விதி. புள்ளிக்குப் பின் ஒற்றை இலக்கம் உள்ள பதிவுகளை மட்டும் தனியே எடுத்துப் பட்டாவோடு ஒப்பிட வேண்டும்.

சர்வே எண்ணுக்கு எக்செல் ஒரு கண்ணி. 12/3 என்ற உட்பிரிவு எண் உள்ள சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் தகவல்களைப் பிரித்து வைத்த கோப்பு) இரட்டைச் சொடுக்கில் திறந்தால் அது தேதியாகிவிடும். சேமித்துவிட்டால் பழைய எண் திரும்பாது. 5/2ஏ போன்றவை தப்பிக்கும் என்பதால் மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணில் இது படுவதும் இல்லை. 16 இலக்கக் கணக்கு எண்ணில் கடைசி இலக்கம் பூஜ்யமாகும். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். முன்னால் உள்ள பூஜ்யங்களும் போய்விடும். எனவே சர்வே எண், கணக்கு எண், ஆதார் எண் மூன்றையும் எழுத்து வகையாகவே இறக்குமதி செய்யச் சொல்லுங்கள்.

பெயர்கள்தான் அதிக நேரம் கேட்கும். பழைய தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் பார்வை வரிசையில் எழுத்துகள் கிடக்கும்: 'கொ' என்பது ஒற்றைக்கொம்பு, க, கால் என மூன்று குறி. எல்லா மொழிகளுக்குமான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் க முதலில் வர வேண்டும். வரிசையை மாற்றாத மாற்றியைப் பயன்படுத்தினால் திரையில் கொம்பு தனியே நிற்கும். இன்னொன்று, யூனிகோடிலேயே 'ஸ்ரீ'க்கு இரண்டு குறியீட்டு வரிசைகள் உண்டு. ஸ்ரீவைகுண்டம் என்று பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் இரு பதிவுகளைக் கணினி இரு ஊர்களாக எண்ணும். ஆகவே குறியீடு மாற்றம், ஓர இடைவெளி நீக்கம், ஒரே வடிவாக்கல், அதற்குப் பிறகே ஊர்ப் பட்டியலில் தேடல் என்ற வரிசை மாறக்கூடாது. தேடலை முன்னால் வைத்தால் கிடைக்காதவை எல்லாம் 'மற்றவை'யில் போய் விழும்.

ஃபீல்டின் நீளத்தையும் கேளுங்கள், அது எழுத்துக் கணக்கா, பைட் கணக்கா என்று. யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். சங்கரநாராயணன் என்ற பெயர் 13 குறியீடு, 39 பைட். 30 பைட் ஃபீல்டில் அவர் 'சங்கரநாராய' ஆகிவிடுவார். இசக்கி, சுடலை, பேச்சி என்று ஒரே ஊரில் பல பேர் இருக்கும் நம் பகுதியில், பெயரையும் முன்னெழுத்தையும் மட்டும் ஒப்பிட்டு 'இரட்டைப் பதிவு' என்று இணைக்கும் விதிக்கு யாரும் சம்மதிக்க வேண்டாம். உறுப்பினர் எண்ணோ ஆதாரோ சேர்ந்து பொருந்தினால் மட்டும் இணைக்கலாம்.

மாவட்ட ஃபீல்டும் நம் ஊருக்கே உரிய சிக்கல். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. சங்கரன்கோவில், கடையநல்லூர், ஆலங்குளம், சிவகிரி முகவரிகளில் பழைய கோப்பு இன்னும் திருநெல்வேலி என்றே சொல்லும். பின்கோடை வைத்துப் பிரிக்க முடியாது; அம்பாசமுத்திரமும் தென்காசியும் 627-இல்தான் தொடங்குகின்றன. வட்டத்தை மட்டும் நம்பினாலும் போதாது, திசையன்விளை, திருவேங்கடம் என்று புதிய வட்டங்கள் வந்துவிட்டன. கிராமவாரியாகப் பொருத்தப் பட்டியல் தயாரிப்பதே சரியான வழி.

எங்களுக்கு மிகுந்த கவலை தருவது கடனின் நிலைக் குறியீடு. பழைய மென்பொருளில் கட்டி முடித்த கடனுக்கும் தள்ளுபடியான கடனுக்கும் ஒரே 'முடிந்தது' குறி போட்டிருக்கக்கூடும். 2016-இலும் 2021-இலும் பயிர்க்கடன் தள்ளுபடி, 2021-இல் 5 பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி என்று அடுத்தடுத்து வந்தன. புதிய மென்பொருள் இரண்டையும் பிரித்துக் கேட்டால், முடித்த பதிவில் உறுப்பினர் செலுத்திய ரசீது இருக்கிறதா, பணம் வராமல் கணக்கில் மட்டும் ஈடுசெய்த சரிக்கட்டு வவுச்சர் மட்டும் இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் தள்ளுபடி பெற்றவர் யார், கட்டியவர் யார் என்பதே பதிவிலிருந்து மறைந்துவிடும்.

ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளை வைத்திருந்த அலுவலகங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் டெலிட் செய்த பதிவு உடனே அழியாது, நட்சத்திரக் குறி மட்டும் விழும். பேக் கட்டளை கொடுத்தால்தான் போகும். குறியைப் பார்க்காமல் படிக்கும் கருவி, நீக்கிய கணக்குகளை எல்லாம் உயிர்ப்பித்துவிடும்.

புதிய மென்பொருளில் ஒத்திகையாக ஏற்றிப் பார்க்க முதல் 500 பதிவுகளை எடுப்பது வழக்கமாக இருக்கிறது. அதில் பயனில்லை. பிறந்த தேதி இல்லாதவை, 01-01-1900 என்று நிரப்பியவை, நீளப் பெயர்கள், கூட்டுப் பட்டாக்கள் என்று சிக்கலானவற்றைப் பொறுக்கி ஏற்றுங்கள். பொருந்தாததற்கு இயல்பு மதிப்பு போட்டு உள்ளே தள்ளாமல், ஏற்காத பதிவுகளுக்கான தனிக் கோப்பு ஒன்றில் காரணத்தோடு ஒதுக்கச் சொல்லுங்கள். ஏறியதும் ஒதுங்கியதும் சேர்ந்து பழைய எண்ணிக்கைக்குச் சமமாக வேண்டும். பங்குத்தொகை, வைப்பு, கடன் நிலுவை ஆகியவற்றை மொத்தமாக மட்டும் பார்த்தால் இருவர் கணக்கு இடம் மாறியிருப்பது தெரியாது. கிராமவாரியாகவும் கூட்டிப் பார்த்து, சில பாஸ்புத்தகங்களையும் வாங்கி ஒப்பிட வேண்டும்.

புதிய பதிவு ஒவ்வொன்றிலும் பழைய கணக்கு எண்ணுக்குத் தனி ஃபீல்டு ஒதுக்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். தணிக்கையாளர் கேட்கும்போது தேடிப் பிடிக்க அதுதான் உதவும்.

இப்படிக்கு,
தரவு மாற்றப் பணியில் உள்ளோர்,
பாளையங்கோட்டை.