இனி எண்களை அனுப்பமாட்டேன், அண்ணா

அண்ணா,

அம்மாவின் பி.பி. அளவைக் காலைதோறும் உனக்கு அனுப்புவதை இன்றோடு நிறுத்துகிறேன். கோபத்தில் எடுத்த முடிவு அல்ல. கோபமும் இருக்கிறது, அது வேறு.

ஓராண்டாகியும் அன்றிரவு நான் போனைத் துண்டித்ததையே சொல்லிக்காட்டுகிறாய். துண்டித்தது தவறுதான், மன்னித்துவிடு. ஆனால் "நாக்குக்கு அடியில் மாத்திரையை வை" என்று நீ கத்திக்கொண்டே இருந்தால் நான் அம்மாவைப் பார்ப்பதா, உனக்குப் பதில் சொல்வதா?

அன்று அம்மாவின் பி.பி. 198/86. நெற்றியெல்லாம் வியர்வை, விரல்களில் நடுக்கம். பக்கவாதமோ என்று சிரிக்கச் சொன்னேன்; வாய் கோணவில்லை. இரு கைகளையும் நீட்டச் சொன்னேன், எதுவும் தாழவில்லை. "என்னடி, டிரில் வகுப்பா?" என்றாள். பேச்சும் குழறவில்லை. நெஞ்சு வலிக்கவில்லை என்றாள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும் என்பதால், மூச்சு வாங்குகிறதா என்று கவனித்தபடியே விரலில் குத்தினேன். சர்க்கரை 54.

சர்க்கரை இறங்கினால் உடம்பு அட்ரீனலின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். பி.பி.யின் மேல் அளவு எகிறும். குளுக்கோஸ் 15 கிராம் கரைத்துக் கொடுத்துக் கால் மணி நேரம் கழித்துப் பார்த்தேன்: 91. சாய்ந்து உட்காரவைத்து, பேசவிடாமல் மறுபடி பி.பி. பார்த்தபோது 158/82. நிஃபெடிபின் என்ற அந்த பி.பி. மாத்திரையை நீ சொன்னபடி நாக்குக்கு அடியில் கொடுத்து அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால் பக்கவாதமோ மாரடைப்போ வரலாம் என்று 1990களிலேயே மருத்துவர்கள் எச்சரித்துவிட்டார்கள். மறுநாள் டாக்டர் பி.பி. மாத்திரையைத் தொடவில்லை, சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைத்தான் குறைத்தார்.

சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்பதை விட்டுவிடுகிறேன். "சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்" என்றது நீயா, உன் பெயரில் வேறு யாரோவா என்று நான் கேட்டதே இல்லை.

விடியும்வரை நீ தூங்கவில்லை என்று அண்ணி சொன்னபோது அழுதுவிட்டேன். தொலைவில் இருப்பவனுக்கு எண்ணைத் தவிர வேறென்ன கிடைக்கும்? ஆனால் 140ஐத் தாண்டினால் உன் போன் வருகிறது. போன் வந்தால் அம்மா பதறுகிறாள். மறுபடி பார்த்தால் 150. இந்த 150 யாருடையது, சொல்.

180/120ஐத் தாண்டி, ஐந்து நிமிட ஓய்வுக்குப் பிறகும் இறங்காவிட்டால் முதலில் டாக்டரை அழைப்பேன், அடுத்து உன்னை. கூடவே மூச்சுத்திணறலோ, நெஞ்சுவலியோ, பார்வை மங்கலோ, கை கால் மரத்துப்போவதோ இருந்தால் ஆம்புலன்ஸில் ஏறிய பிறகுதான் உனக்குப் போன். மற்ற நாட்களில் அம்மாவிடம் நேராகப் பேசு, பி.பி.யைத் தவிர எதைப் பற்றியாவது.

அடுத்த மாதம் சிறுநீரகப் பரிசோதனை இருக்கிறது. இந்த முறை நீ வந்து அழைத்துப்போ. மாத்திரைப் பட்டியலை எழுதி வைத்துவிடுகிறேன்.