ராணி மரியாவை எதற்காகக் கொன்றார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1995-இல் மத்தியப் பிரதேசத்தில் கொல்லப்பட்ட கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி, அருட்சகோதரி ராணி மரியாவின் நினைவு நாளான பிப்ரவரி 25-ஐ ஒட்டித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். உருக்கமாகத்தான் இருந்தது. ஆனால் முக்கால்வாசிக் கட்டுரை மன்னிப்பைப் பற்றியே போய்விட்டது. அவருடைய தங்கை அருட்சகோதரி செல்மி பால் 2002-இல் சிறைக்கே போய்க் கொலையாளியைச் சகோதரனாக ஏற்று அவன் கையில் ராக்கி கட்டியது, 2006-இல் விடுதலையான அந்த ஆள் பிறகு கேரளாவுக்குப் போய் ராணி மரியாவின் பெற்றோரைச் சந்தித்தது எல்லாம் பெரிய விஷயம்தான். பெற்ற மகளைக் கொன்றவனை வீட்டுக்குள் வரச்சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? சரி. ஆனால் அவரை எதற்காகக் கொன்றார்கள் என்பதற்குக் கட்டுரையில் கிடைத்தது ஒரே வரி: ஏழைகளுக்காக உழைத்தாராம். ஏழைகளுக்கு உழைத்தால் எவனாவது கத்தியைத் தூக்குவானா?

எர்ணாகுளம் மாவட்டம் புல்லுவழியில் 1954-இல் பிறந்தவர் அவர். புனித அல்போன்சா இருந்த அதே பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் கன்னியர் சபையில் சேர்ந்து, 1975 கடைசியில் உத்தரப் பிரதேசத்து பிஜ்னோருக்குப் போனார். அப்புறம் மத்தியப் பிரதேசத்தில் சத்னா பக்கம் சில வருடங்கள். 1992 முதல் தேவாஸ் மாவட்டத்து உதய்நகர்.

உதய்நகரைச் சுற்றிப் பழங்குடி மக்களின் கிராமங்கள். விதைக்கும் கடன், வைத்தியத்துக்கும் கடன், கல்யாணத்துக்கும் கடன், எல்லாம் வட்டிக்காரரிடம். இந்தக் கடன் எப்படி நடக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணக்கு நோட்டில் எழுதுவதும் அவர், படித்துச் சொல்வதும் அவர். கைநாட்டு வைத்தவருக்கு அசலில் எவ்வளவு அடைந்தது என்றே தெரியாது. அறுப்பு முடிந்ததும் தானியம் களத்திலிருந்தே, அவர் வைத்த விலைக்கு, அவர் வீட்டுக்குப் போய்விடும்.

ராணி மரியா செய்தது, வெளியிலிருந்து பார்த்தால், சுவாரசியமே இல்லாத வேலை. ஊர் ஊராகப் போய் ஜனங்களைக் கூட்டி உட்காரவைத்து, அரசுத் திட்டங்களில் அவர்களுக்கு என்ன உண்டு என்று சொன்னார். வங்கியில் கடன் கேட்கச் சொல்லிக்கொடுத்தார். சேமிக்கப் பழக்கினார். சோறு போடுவதோடும் மருந்து கொடுப்பதோடும் நிறுத்தியிருந்தால் வட்டிக்காரர்களே வந்து கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். தானதர்மம் யாருடைய வருமானத்திலும் கைவைப்பதில்லை. வங்கிக்குப் போன ஒவ்வொரு குடும்பமும் அவர்களுக்கு நஷ்டம். மிரட்டிப் பார்த்தார்கள், அவர் ஊரைவிட்டுக் கிளம்பவில்லை.

1995 பிப்ரவரி 25 அன்று இந்தூர் போகும் பேருந்தில் ஏறினார். ஏவிவிடப்பட்ட ஆளும் அதே வண்டியில் இருந்தான். நாச்சன்போர் மலைப் பாதையில் வண்டியை நிறுத்தவைத்து அவரைக் குத்திச் சாய்த்தான். உடம்பில் 50-க்கும் மேற்பட்ட காயங்கள். வண்டியில் இருந்த யாரும் தடுக்கவில்லை. அவருக்கு வயது 41.

2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் தரப்பட்டது, மறைசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவர் என்ற முறையில். அப்போதே எங்கள் பங்குக் கோயிலில் ஒரு பெரியவர் கேட்டார்: விசுவாசத்தை வெறுத்துக் கொன்றால்தானே மறைசாட்சி, இது வட்டித் தகராறுதானே என்று. நியாயமான கேள்விதான். ஆனால் விசுவாசம் இல்லாவிட்டால் புல்லுவழிப் பெண்ணுக்கு உதய்நகர் வட்டிக்காரரோடு என்ன வழக்கு? அங்கே அவரை அனுப்பியதும் அதுதான், மிரட்டலுக்குப் பிறகும் இருக்கவைத்ததும் அதுதான்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அந்த விழாவுக்குப் 12 நாள் முன்னால், அக்டோபர் 23-ஆம் தேதி, திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே தீக்குளித்தது. கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்ட மாநிலம் நம்முடையது. அந்த வாரம் நம் கோயில்களில் இரண்டையும் சேர்த்துப் பேசிய ஒரு பிரசங்கத்தையும் நான் கேட்கவில்லை. ராணி மரியா செய்த வேலைக்கு இங்கே ஆள் தேவையில்லை என்று சொல்ல முடியுமா?

அடுத்த பிப்ரவரியிலும் அவரைப் பற்றி எழுதுவீர்கள். அப்போது ராக்கியை ஒரு பத்தியோடு நிறுத்திக்கொண்டு, உதய்நகருக்கு ஒரு செய்தியாளரை அனுப்புங்கள். அன்று அவர் கூட்டிய கூட்டங்களில் உட்கார்ந்திருந்த பெண்கள் இப்போது ஐம்பது, அறுபது வயதில் இருப்பார்கள். வட்டிக்காரர் இன்னமும் களத்துக்கு வருகிறாரா என்று அவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திண்டுக்கல்